ஒன்பதாவது பாட்டின் குரல்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ரீமிக்ஸ் செய்கிறேன் என்று சொன்னதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: அப்படியானால் பாட்டு உங்களுடையது இல்லையா? இல்லைதான். பாட்டு இன்னொருவருடையது. அதிலிருந்து குரலை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு, மற்ற வாத்தியங்களையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தக் குரலுக்கு அடியில் நான் புதிதாக பீட் கட்டுகிறேன். ஹிப்ஹாப் பாடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் ஹவுஸ் ஓனருக்கு எட்டு வருடமாக விளக்கியும் புரியவில்லை. என் மனைவி மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே." அவள் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததால் அந்த இடத்தில் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

ரீமிக்ஸ் சோறு போடாது. பகலில் ஆன்லைன் டியூஷன் நடத்தும் ஒரு கம்பெனியில் ஆசிரியர்களின் குரலைச் சுத்தம் செய்கிறேன். ஃபேன் சத்தம், தொண்டைக் கனைப்பு, ஜன்னலுக்கு வெளியே போகிற கீரைக்காரரின் கூவல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கணக்குப் பாடத்தை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் குரலுக்குள்ளேயே குடியிருந்ததில் எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறிவிட்டது. ஒரு குரலை ஒரு தடவை கேட்டால் போதும், கூட்டத்துக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டே ஆளைக் காட்டிவிடுவேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் திமிர் எப்படிப் போனது என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

போன வருடம் எனக்கு ஒரு ஆசை வந்தது. எட்டு வருடத்தில் மற்றவர்களுக்காகச் செய்த ரீமிக்ஸ்கள் ஆளுக்கொரு பக்கமாக, அவரவர் கணக்கில் சிதறிக் கிடந்தன. அதில் பதினைந்தைப் பொறுக்கி, ஒரே ஆல்பமாக, என் பெயரில் கொண்டுவர வேண்டும். தற்பெருமை என்றால் தற்பெருமைதான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு குறுகுறுப்பும் இருந்தது. பதினைந்து பேர் குரலை வரிசையாக வைத்துக் கேட்டால் நடுவில் நான் தெரிகிறேனா, அல்லது வெறும் பதினைந்து பேர்தான் தெரிகிறார்களா? எனக்கே அது தெரியாது.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் யார், இசை யார், பாடியவர் யார் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தது. சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து சம்மதம் கேட்டு, பெயரை எப்படிப் போட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். சுவாரசியமான வாரம் அது. ஒருவன் தான் அந்தப் பாட்டைப் பாடியதையே மறந்துவிட்டிருந்தான். ஒருவர் பல் டாக்டர் ஆகிவிட்டார். பெயரைப் போடுங்கள், ஆனால் போட்டோ வேண்டாம், பேஷண்ட் பார்த்தால் வாயைத் திறக்க மாட்டார்கள் என்றார். இன்னொருவர், இரண்டாவது சரணத்தில் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். எடுத்துவிட்டேன்.

வரிசையில் ஒன்பதாவது பாட்டுதான் இந்த ஆல்பத்துக்கே முதுகெலும்பு. அனகாபுத்தூர்க்காரன் ஒருவன், என் நண்பன், ஆறு வருடத்துக்கு முன் பாடிய ராப். ஆறு பெருகித் தெருவுக்குள் வந்து போன கதை. அவன் படபடவென்று வார்த்தையைக் கொட்டிக்கொண்டே போவான். நடுநடுவே ஒரு பெண் குரல் வந்து, தண்ணீர் வடிந்த பிறகு வாசலைத் தேடுகிற நாலு வரியை நிதானமாகப் பாடும். அவன் வெளியிட்ட மூலப் பாட்டை அவன் உறவினர்கள் கேட்டார்கள். என் ரீமிக்ஸை ஊரே கேட்டது. கல்லூரி விழாக்களில் ஆடினார்கள், ஷேர் ஆட்டோவில் ஓடியது, பல்லாவரம் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கே போட்டார்கள். வெள்ளப் பாட்டுக்கு ஏன் ஆடினார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்த நாலு வரியைப் பாடிய பாடகி இப்போது ஓரளவு பேர் பெற்றவர். மேடை நிகழ்ச்சிகள் நிறைய. அவரிடம் போனில் சம்மதம் கேட்டபோது, நேரில் வந்தால் பேசலாம் என்றார். சேலையூரில் ஒரு காபிக் கடையில் சந்தித்தோம். படிவத்தை நீட்டினேன். அவர் தன் பெயரைப் படித்துவிட்டு, பேனாவைத் தொடாமல், காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அண்ணா, உங்க ரீமிக்ஸ்ல இருக்கறது என் வாய்ஸ் இல்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மூலப் பாட்டில் இருப்பது தான்தான் என்றும், ரீமிக்ஸ் வெளியான அன்று முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டதாகவும் சொன்னார். உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரமே இரண்டு நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்துவிட்டது. பிறகு சொல்வதற்கு நாக்கு எழவில்லை. எங்கே போனாலும் அந்த ரீமிக்ஸைத்தான் பாடச் சொல்கிறார்கள்.

"அது யாருன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்கண்ணா. ஆறு வருஷமா நான் அவங்கள மாதிரி பாடத்தான் ப்ராக்டிஸ் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு என் மேல்தான் வந்தது. ஆயிரம் பேர் நடுவே ஆளைக் காட்டிவிடுவேன் என்று சொன்ன காது இது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து, பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்தேன். நண்பன் அப்போது அனுப்பிய ஃபோல்டரில் பெண் குரல் இரண்டு ஃபைல்களாக இருந்தது. ஒன்று பளபளவென்று மெருகேற்றியது. இன்னொன்று எந்தப் பூச்சும் இல்லாமல், மூச்சு வாங்குவது உட்பட அப்படியே பதிவானது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். தெரிந்துவிட்ட பிறகு கேட்டால் குழந்தைக்குக்கூடப் புரியும், இரண்டும் வேறு வேறு ஆள்.

இதில் இன்னொரு அவமானமும் இருக்கிறது. அந்த இரண்டும் ஒரே பாடகி வேறு வேறு தடவை பாடியது என்று அப்போது நானாக முடிவு கட்டியிருந்தேன். அதன்மேல் ஒரு தத்துவத்தையே எழுப்பியிருந்தேன். பாடகருக்கு இது ஃபைனல் என்று தெரியாமல் பாடுகிற தடவைதான் மிகச் சிறந்த தடவை என்று இரண்டு கல்லூரிகளில் போய் வகுப்பு எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவர்களை எங்கே போய்த் தேடித் திருத்துவது?

நண்பனுக்குப் போன் போட்டேன். பாடகியைத் தவிர வேறு யாராவது அந்த நாலு வரியைப் பாடினார்களா என்று கேட்டேன்.

"அந்த அக்காவா? யாருன்னே தெர்ல மச்சான். ஸ்டுடியோக்காரர்தான் இட்டாந்தாரு. பாடிட்டு, டீகூட குடிக்காம பூட்டாங்க. பேரு கேக்கவே தோணல பாரு, பேஜாரா கீது."

ஸ்டுடியோ பல்லாவரத்தில் ஒரு மாடியில் இருந்தது. அதை மூடி நாலு வருடமாகிறது. அதை நடத்தியவர் இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்ததும், அடுத்த சனிக்கிழமையே ரயில் ஏறினேன். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். கார் கதவு மூடும்போது என்ன சத்தம் வருகிறது என்று அளப்பதுதான் அவருக்கு இப்போது வேலை. நல்ல கதவு எப்படி மூட வேண்டும் என்று கால் மணி நேரம் சொன்னார். வந்த விஷயத்தை மறந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வந்ததும் அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. "டிராக் பாடினவங்க அவங்க" என்றார். சினிமாவிலிருந்து வந்த பழக்கம் இது. பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் வேறு ஒருவரை வைத்து முழுப் பாட்டையும் பாட வைத்துப் பதிந்துகொள்வார்கள். அதற்குப் பெயர் டிராக். பாடகர் வந்து அதைக் கேட்டுப் படித்துக்கொண்டு, அதன் மேலேயே பாடுவார். அவர் பாடி முடித்ததும் டிராக் குரலை அணைத்துவிடுவார்கள். டிராக் பாடியவர் எந்தப் பாட்டுக்குப் பாடினேன் என்று வெளியே சொல்லக்கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விதி. அணைத்து வைத்த அந்தக் குரலை இவர் அழிக்காமல், ஃபோல்டரோடு சேர்த்து அனுப்பிவிட்டார். திறந்து பார்த்த எனக்கு எது டிராக், எது பாட்டு என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அவருக்கும் பெயர் தெரியாது. போனில் "டிராக் டீச்சர்" என்று பதிந்து வைத்திருந்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை. தனக்கு மட்டுமே முப்பது நாற்பது பாட்டுக்குப் பாடியிருப்பார் என்றார். பள்ளிக்கூடம் விட்டு நேரே வருவார், அஸ்தினாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார், டிசம்பர் மாதம் மட்டும் கூப்பிட்டால் வர மாட்டார். ஏனென்றால் சர்ச்சில் பாடல் குழு பயிற்சி இருக்கும். எனக்கு இது போதும் என்று தோன்றியது.

அஸ்தினாபுரத்தில் ஒரு சர்ச் இல்லை, பல இருக்கின்றன. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது சர்ச்சில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாடல் குழுவில் ஏழெட்டுப் பெண்கள். கண்ணை மூடிக்கொண்டேன். ஆறு வருடமாக என் காதிலேயே குடியிருக்கிற குரல். இங்கே இருந்தால் தப்பவே முடியாது. இரண்டாவது பாட்டில் பிடித்துவிட்டேன். முதல் வரிசையில், கண்ணாடி போட்ட, உயரமான அம்மாள். ஆராதனை முடிந்ததும் நேரே அவரிடம் போய், நீங்கள்தான் பல்லாவரம் ஸ்டுடியோவில் பாடியவர் என்று, கேள்வியாகக்கூட இல்லாமல், தீர்ப்பாகவே சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தான் எந்த ஸ்டுடியோவுக்கும் போனதில்லை என்றார். ஹெட்போனைக் கொடுத்து அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். அரை வரி கேட்டதும் கழற்றிவிட்டு, பின்னால் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு குள்ளமான பெண்மணியைக் காட்டினார். எனக்கு மூக்கு உடைந்தது. இத்தனைக்கும் அந்த அம்மாளுக்கு இசை படிக்கத் தெரியாதாம். இருபது வருடமாகப் பக்கத்தில் நின்று பாடுகிறார், அவ்வளவுதான்.

டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, வீடு பக்கத்துத் தெருதான், வெயிலில் நிற்க வேண்டாம் என்று கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் அவர் கணவர் லுங்கியும் பனியனுமாகச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். டீச்சர் என்னை யாரோ தெரிந்த தம்பி என்று சொன்னதும், அங்கிருந்தே வாங்க என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

ஹாலில் உட்கார்ந்ததும் டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார். அந்தப் பாட்டை முதலில் ஷேர் ஆட்டோவில்தான் கேட்டாராம். ராதா நகரில் இறங்க வேண்டியவர் இறங்காமல், பாட்டு முடியும் வரை போய்விட்டுத் திரும்பி நடந்து வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, பாடகி பெயர் போனிலேயே போட்டிருக்கிறதே, உனக்கு அப்படித் தோன்றுகிறது, ஸ்பீக்கரில் எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றார். பள்ளிக்கூடத்தில், சொல்லக்கூடாது என்ற விதியையும் மீறி, ஸ்டாஃப் ரூமில் ஒருமுறை சொன்னார். எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். அன்றைக்கு விட்டதுதான்.

"அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தம்பி. அவங்க எல்லாரும் சொல்றதுதான் சரியோன்னு."

படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்பதாவது பாட்டு, பாடியவர் என்ற கட்டம் காலியாக இருந்தது. மற்றவர் பெயரை எடுத்தாகிவிட்டது, அந்தப் பாடகியே ஒப்புக்கொண்டுவிட்டார், உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள் என்றேன். பிறகு ரயிலிலும் பஸ்ஸிலும் மூன்று வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன்.

"தெரியாம நடந்த தப்பு டீச்சர். உங்க ஃபைல தவறுதலா எடுத்துட்டேன்."

நல்ல வாக்கியம் என்றுதான் நினைத்திருந்தேன். பணிவாக இருந்தது, பழியை என் மேலேயே போட்டுக்கொண்டது. ஆனால் டீச்சர் முகம் வாடிவிட்டது. பேனாவை மூடினார். படிவத்தை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"தப்பா எடுத்ததுக்கு எதுக்குப் பேரு? விடுங்க. அந்தப் பொண்ணு பேரே இருக்கட்டும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டம் பேசினேன், நியாயம் பேசினேன். பாட்டைக் கேட்கிறவர்களுக்கு உண்மை தெரிய வேண்டாமா என்று கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாரே தவிர பேனாவைத் தொடவில்லை. எழுந்து போய் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையன்களிடம் கணக்குக்கு விடை கேட்கிற குரலில் கேட்டார்.

"எடுக்கும்போது அந்தப் பொண்ணு பாடினதும் உங்க கையில இருந்துச்சா?"

இருந்தது என்றேன்.

"அத கேட்டீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது நாற்பது பாட்டு பாடியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் கடைசியில் இவர் குரலை அணைத்துவிட்டு இன்னொருவர் குரலை வைத்திருக்கிறார்கள். யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டதில்லை, கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஒரே ஒருமுறை இவர் குரல் வெளியே போயிருக்கிறது, அதுவும் தவறுதலாக என்று நான் ரயிலேறி வந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

உண்மையைச் சொன்னேன். அது யார் குரல் என்று தெரியாததுதான் தப்பு. எடுத்தது தப்பில்லை. இரண்டு ஃபைலையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். மெருகேற்றியதன் மேல்தான் முதலில் பீட் கட்டினேன்; எங்கே போட்டாலும் ஒட்டவில்லை, தூக்கிப் போட்டேன். மற்றதைப் போட்டதும் பீட் தானாக வந்தது. வாசல் என்ற சொல்லுக்கு முன்னால் நீங்கள் ஒரு மூச்சு எடுக்கிறீர்கள், அதற்காகவே அந்த இடத்தில் டிரம்மை நிறுத்தினேன் என்றேன். ரீமிக்ஸில் எல்லோரும் ஆடாமல் நிற்கிற இடம் அதுதான்.

டீச்சர் அசையாமல் கேட்டார். கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு பேனாவைத் திறந்து, காலியாக இருந்த கட்டத்தில் தன் பெயரை, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி, தனித்தனி எழுத்தாக எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, கேட்டீங்களா? ரெண்டையும் கேட்டுட்டுத்தான் என்னோடத எடுத்தாராம்."

உள்ளே வெங்காயம் அரிகிற சத்தம் தொடர்ந்துகொண்டிருந்தது. டீச்சர் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னார்.